குதிரைக்குப் பயந்த சிறுவன்

1908 ஜனவரியில் ஒரு நாள். வியன்னாவில் நாலே முக்கால் வயதுப் பையன் ஒருவனை ஆயா பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவன் திடீரென்று தெருவிலேயே அழ ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்குப் போக வேண்டும், அம்மாவோடு ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டும். மறுநாள் அம்மாவே கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். அப்போதும் அதே நடுக்கம். திரும்பி வரும்போதுதான் காரணம் மெல்ல வெளியே வந்தது: குதிரை கடித்துவிடுமாம்.

மோட்டார் வண்டிகள் இன்னும் தெருவைப் பிடிக்காத காலம். சரக்கு வண்டியையும் குதிரைதான் இழுத்தது, பயணிகள் பஸ்ஸையும் குதிரைதான் இழுத்தது. அந்த ஊரில் குதிரைக்குப் பயப்படுவது, இன்று சென்னையில் இருந்துகொண்டு பைக்குக்குப் பயப்படுவது மாதிரி. வாசற்படி தாண்ட முடியாது. போதாக்குறைக்கு வீட்டுக்கு எதிரே சுங்கக் கிடங்கு. மூட்டை ஏற்றிய வண்டிகள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கும். தன் பயத்தைக் குறிக்கப் பையனிடம் ஒரு சொல்லும் இருந்தது: 'அசட்டுத்தனம்'.

நம் வீடாக இருந்தால், பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று மந்திரித்து, கையில் கயிறு கட்டியிருப்பார்கள். அந்தப் பையனின் அப்பா நண்பருக்குக் கடிதம் எழுதினார். அப்பா மாக்ஸ் கிராஃப், இசை விமர்சகர். நண்பர் சிக்மண்ட் ஃபிராய்ட். பெர்க்காசே 19-ஆம் எண் வீட்டில் 1902 முதல் புதன்கிழமைதோறும் ஃபிராய்டைச் சுற்றிக் கூடிய சிறு குழுவில் கிராஃபும் ஒருவர். பையனின் அம்மாவோ, கல்யாணத்துக்கு முன்பே ஃபிராய்டிடம் சிகிச்சை பெற்றவர். இன்றைய மருத்துவ நெறிக்குழு எதுவும் இதற்கு அனுமதி தராது: அப்பா சீடர், அம்மா பழைய நோயாளி, பிள்ளை ஆய்வுப் பொருள்.

சிகிச்சை நடந்த விதமும் விசித்திரமானது. அப்பா பையனிடம் பேசுவார், பேசியதைக் குறித்துக்கொள்வார், ஃபிராய்டுக்கு அனுப்புவார். ஃபிராய்ட் அதைப் படித்து, அடுத்து எதைக் கேட்கலாம் என்று வழி காட்டுவார். சிகிச்சைக்கென்று அவர் பையனை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை, 1908 மார்ச் 30 அன்று. மே மாதத்துக்குள் பயம் தணிந்துவிட்டது. மறு ஆண்டு இதையெல்லாம் ஃபிராய்ட் விரிவான கட்டுரையாக வெளியிட்டார். பையனுக்கு அதில் 'சின்ன ஹான்ஸ்' என்று பெயர்.

அதற்குப் பிறகு அந்தப் பயம் எத்தனையோ பேர் கைக்கு மாறியிருக்கிறது. மனிதருடைய ஆளுமை எங்கே, எப்படி உருவாகிறது என்று சொல்ல வந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக ஹான்ஸைப் படித்தார்கள். பையன் அதே பையன்தான், குதிரையும் அதே குதிரைதான். அவர்கள் படித்த விதங்களை வரிசையாகப் பார்த்தால் ஃபிராய்ட் தொடங்கிவைத்த உளப்பகுப்பாய்வின் நூறாண்டு வரலாறே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

ஃபிராய்டுக்கு இந்தப் பையன் ஏன் தேவைப்பட்டான்? அதுவரை அவருடைய கொள்கை முழுக்கப் பெரியவர்களின் பேச்சிலிருந்து எழுந்தது. சாய்வு மெத்தையில் படுத்துக்கொண்டு மனதில் வந்ததையெல்லாம் சொன்ன நோயாளிகள், அவர்களுடைய கனவுகள், போதாததற்கு அவருடைய சொந்தக் கனவுகள். 1896-இல் தந்தை இறந்தபின் தன்னைத் தானே ஆராயத் தொடங்கியவர், மறு ஆண்டு அக்டோபரில் நண்பர் ஃபிளீஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அம்மா மீது ஆசையும் அப்பா மீது பொறாமையும் தன்னிடமே இருப்பதைக் கண்டதாகவும், இது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக இருக்கக்கூடும் என்றும் அதில் இருந்தது. ஈடிபஸ் சிக்கலுக்கு விதை விழுந்தது அங்கேதான். 1905-இல் வந்த நூலில் குழந்தைப் பருவம் முழுவதையும் இன்பத்தின் வரலாறாக எழுதினார். முதலில் இன்பம் வாயில் இருக்கிறது: உறிஞ்சுவது, கடிப்பது. பிறகு மலத்தை அடக்குவதிலும் விடுவதிலும். பெற்றோரின் கட்டளையோடு முதல் மல்லுக்கட்டு தொடங்குவதும் அங்கேதான். மூன்று வயதுக்கு மேல் ஆண் உடம்புக்கும் பெண் உடம்புக்கும் என்ன வித்தியாசம், தம்பி பாப்பா எங்கிருந்து வந்தது என்ற கேள்விகள். ஆறு வயது வாக்கில் எல்லாம் அடங்கி ஒரு நீண்ட அமைதி. அப்புறம் வாலிபம். இந்தக் கட்டங்களுக்கு முழு வடிவம் வந்தது பிந்தைய ஆண்டுகளில்தான். ஏதாவது ஒரு கட்டத்தில் அளவுக்கு மீறிக் கிடைத்தாலோ, கிடைக்காமலே போனாலோ, மனத்தின் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும், பின்னாளில் அது குணமாகத் தலைகாட்டும் என்றார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறோம். அந்தப் பழமொழிக்கு அக்கறை பிள்ளையை வளைப்பதில். ஃபிராய்டின் அக்கறை வேறு: ஐந்துக்குள்ளேயே நாம் எப்படியெல்லாம் வளைந்துவிட்டோம், அது ஏன் நமக்கே தெரியவில்லை?

ஆனால் இதெல்லாம் பெரியவர்கள் சொன்ன பழைய கதை. உண்மையான குழந்தை ஒன்றிடம் இதைப் பார்க்க முடியுமா என்று சீடர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். தத்தம் பிள்ளைகளைக் கவனித்துக் குறித்துவரச் சொன்னார். கிராஃப் தம்பதி அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் ஹான்ஸுக்குப் பயம் வந்தது. கொள்கை ஏற்கெனவே தயார், அதற்குக் குழந்தை பின்னால் வந்தது. இந்த வரிசை முக்கியம்.

ஃபிராய்ட் குதிரையை இப்படிப் படித்தார். ஹான்ஸுக்கு மூன்றரை வயதானபோது தங்கை பிறந்தாள். கொக்கு கொண்டுவந்தது என்று சொன்னார்கள். அவனோ அறையில் ரத்தம் கலந்த தண்ணீரையும் டாக்டரின் பையையும் பார்த்திருந்தான், நம்பவில்லை. அம்மாவின் படுக்கைக்கு ஏங்கினான். குறுக்கே நின்றவர் அப்பா. அந்த இடத்தில் கை வைத்தால் டாக்டரைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்வேன் என்று அம்மா முன்பே ஒரு முறை மிரட்டியிருந்தார். நம் ஊரில் காக்காய் கொத்திக்கொண்டு போய்விடும் என்போமே, அதைப் போல. ஆக, அப்பா மீது கோபம். அந்தக் கோபத்துக்கு அப்பா தண்டிப்பாரோ என்ற பயம். அதே அப்பா மீது கொள்ளைப் பிரியமும். இந்த மூன்றையும் ஒரே மனிதர் மீது சுமக்க முடியாமல், பயத்தை மட்டும் பிரித்துக் குதிரையின் முதுகில் ஏற்றிவிட்டான். குதிரையின் வாயைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ இருக்கிறது என்று ஹான்ஸ் சொன்னான். அது அப்பாவின் மீசை என்றார் ஃபிராய்ட். கண்ணருகே இருந்த பட்டை அப்பாவின் மூக்குக்கண்ணாடி. அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும், குதிரையை வீட்டுக்குள் இருந்தபடியே தவிர்த்துவிடலாம். வசதியான ஏற்பாடுதான்.

ஆபீஸில் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்து தட்டை வீசுகிறவரை நமக்குத் தெரியும். உணர்ச்சி ஓரிடத்தில் பிறந்து இன்னோரிடத்தில் இறங்குவதை 'இடமாற்றம்' என்றது உளப்பகுப்பாய்வு. தாங்க முடியாததை நினைவிலிருந்தே தள்ளிவிடுவது ஒடுக்கம். தன் ஆசையைப் பிறர் மீது ஏற்றி, அவருக்குத்தான் அது இருக்கிறது என்று நம்புவது இன்னொன்று. இப்படிப்பட்ட தற்காப்புகளை 1936-இல் முறையாகத் தொகுத்தவர் ஃபிராய்டின் மகள் ஆனா. ஒரு மனிதர் எதற்குப் பயப்படுகிறார் என்பதைவிட, பயம் வந்தால் எந்தத் தற்காப்புக்குள் ஓடி ஒளிகிறார் என்பதுதான் அவருடைய ஆளுமை என்று இந்த மரபைச் சுருக்கிச் சொல்லலாம்.

மார்ச் 30-ஆம் தேதிச் சந்திப்பில் ஃபிராய்ட் ஹான்ஸிடம் ஒரு விஷயம் சொன்னார். நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, அம்மா மீது மிகுந்த பிரியம் வைத்து அதனால் அப்பாவுக்குப் பயப்படப்போகிற ஒரு சின்ன ஹான்ஸ் வருவான் என்று எனக்குத் தெரியும் என்றார். வீடு திரும்பும் வழியில் பையன் அப்பாவைக் கேட்டான்: எல்லாம் முன்கூட்டியே தெரிகிறதே, புரொஃபஸர் கடவுளோடு பேசுவாரா? ஃபிராய்டைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானதை நான் படித்ததில்லை.

குதிரை அவரை விடவில்லை. 1923-இல் மனதை மூன்று கூறுகளாகப் பிரித்தபோது மறுபடி வந்தது, இந்த முறை உவமையாக. இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறோமே, அந்தச் சொற்கள் ஃபிராய்டுடையவை அல்ல. இட், ஈகோ இரண்டும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் லத்தீனிலிருந்து எடுத்து ஒட்டியவை. அவர் எழுதியது ஜெர்மன் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள்: அது, நான், மேல்நான். தமிழில் அப்படியே வைத்துக்கொண்டால் சங்கதி சட்டென்று விளங்கும். பசி, காமம், வெறி, ஆத்திரம் எல்லாம் 'அது'. என்னுள் இருக்கிறது, ஆனால் நான் இல்லை. 'ஏனோ தெரியலை, அது என்னை அப்படிப் பேச வச்சிடுச்சு' என்கிறோமே, அந்த அது. அதன் மேல் ஏறி உட்கார்ந்து கடிவாளம் பிடிக்கப் பார்ப்பது 'நான்'. குதிரைக்கு எங்கே போக விருப்பமோ அங்கேயே ஓட்டிப்போய்விட்டு, நானே தீர்மானித்ததாகச் சொல்லிக்கொள்ளும் சவாரிக்காரன் என்று ஃபிராய்ட் அதைக் கேலி செய்தார். அப்பா அம்மாவின் குரல் உள்ளே குடியேறி, அவர்கள் இல்லாதபோதும் அதட்டிக்கொண்டிருப்பது 'மேல்நான்'. இதை மனசாட்சி என்று மொழிபெயர்க்கத் தோன்றும், ஆனால் சரியாகப் பொருந்தாது. சாட்சி பார்த்துக்கொண்டிருக்கும். மேல்நானோ பிரம்பு வைத்திருக்கும். செய்யாத தப்புக்கும், நினைத்ததற்கே, அடிக்கும்.

நம் சினிமா வசனத்தில் 'அவனுக்கு ஈகோ ஜாஸ்தி' என்றால் திமிர் என்று பொருள். ஃபிராய்டின் 'நான்' அதற்கு நேர் எதிர், பாவப்பட்ட பிறவி. மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. இதற்கு ஆசையிடமிருந்து ஒன்று, மேல்நானிடமிருந்து ஒன்று, வெளியுலகத்திடமிருந்து ஒன்று என்று மூன்று பக்கமும். மூவரையும் சமாளித்து ஓட்டுகிற அந்தத் திறமையைத்தான் முதிர்ச்சி என்றார். 1926-இல் ஹான்ஸையே திரும்ப எடுத்து, தன் பழைய கருத்து ஒன்றைத் தலைகீழாகவும் திருத்தினார். ஒடுக்கப்பட்ட ஆசைதான் பயமாக மாறுகிறது என்று முன்பு சொன்னவர், பயம்தான் முதலில் வந்து அபாய மணி அடிக்கிறது, ஒடுக்கம் அதன் பின்னால் வருகிறது என்றார். எழுபது வயதில் தன் கணக்கைத் தானே அழித்து எழுதுவது பெரிய விஷயம். சீடர்கள் பலருக்கு அந்தத் துணிச்சல் வாய்க்கவில்லை.

1960-இல் ஜோசப் வோல்பி, ஸ்டான்லி ராக்மன் என்ற இரு நடத்தை உளவியலாளர்கள் அதே 1909 கட்டுரையை வேறு கண்ணோடு படித்தார்கள். அதில் ஃபிராய்ட் மறைக்காமல் எழுதிவைத்து, ஆனால் மேலே நடந்துபோய்விட்ட ஒரு செய்தி இருந்தது. அம்மாவோடு வெளியே போயிருந்தபோது, பஸ் இழுத்துவந்த பெரிய குதிரை ஒன்று சரிந்து விழுந்து கால்களை உதைத்துக்கொண்டதை ஹான்ஸ் பார்த்திருக்கிறான். அசட்டுத்தனம் அப்போதுதான் வந்தது என்று அவனே சொல்லியிருக்கிறான். பாரம் ஏற்றிய வண்டி என்றால் அதிகப் பயம், குதிரை விழுந்துவிடுமோ என்று பயம். இவ்வளவு வெளிப்படையாக ஒரு காரணம் கண்ணெதிரே கிடக்க, மீசைக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ஏன் போக வேண்டும்? அதிர்ச்சியும் குதிரையும் ஒன்றாக வந்தன, மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள். அவர்களுடைய இன்னொரு குற்றச்சாட்டு இன்னும் கனமானது: பையனின் வாயில் சொற்களைப் போட்டவர்கள் பெரியவர்கள். தன்னால் சொல்ல முடியாத பலவற்றை ஹான்ஸுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்று ஃபிராய்டே எழுதியிருக்கிறார். ஆமாம் என்றால் கொள்கைக்கு ஆதாரம், இல்லை என்றால் உள்ளே எதிர்ப்பு வேலை செய்கிறது என்று பொருள். தோற்கவே முடியாத இந்த ஆட்டத்தைத்தான், அதே வியன்னாவில் வளர்ந்த தத்துவவாதி கார்ல் பாப்பர் அறிவியல் என்று ஏற்க மறுத்தார்.

குணத்தைப் பற்றிய கணிப்புகளுக்கும் இதே கதிதான். ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் மூன்றும் சேர்ந்தே இருக்கும், அவற்றின் வேர் குழந்தைப் பருவக் கழிப்பறைப் பழக்கத்தில் என்று ஹான்ஸ் பயந்துகொண்டிருந்த அதே 1908-இல் ஃபிராய்ட் எழுதினார். இந்த மூன்றும் ஓரளவு சேர்ந்து வருவது உண்மை என்று பிற்கால அளவீடுகள் காட்டின. கழிப்பறையோடு போட்ட முடிச்சுக்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையர்களை ஆராய்ந்தவர்களோ, ஆளுக்கு ஆள் குணம் வேறுபடுவதில் கிட்டத்தட்டப் பாதியை மரபணுக்கள் விளக்குகின்றன என்றார்கள். ஃபிராய்டின் கட்டங்களில் அதற்குப் பெரிய இடம் இல்லை.

சரி, அப்படியானால் எல்லாம் முடிந்ததா? முடியவில்லை. ஹான்ஸைப் படித்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜான் பௌல்பி. லண்டனில் உளப்பகுப்பாய்வு பயின்றவர், மெலனி க்ளைன் மேற்பார்வையில். 1930-களின் இறுதியில் அவரிடம் மூன்று வயதுப் பையன் ஒருவன் சிகிச்சைக்கு வந்தான், ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. அழைத்துவரும் தாய் பதற்றத்தின் உருவமாக இருந்தார். அவரிடம் பேசிப் பார்க்கலாமா என்று பௌல்பி கேட்டார். கூடாது என்றார் க்ளைன். ஆராய வேண்டியது பிள்ளையின் உள்ளே ஓடும் கற்பனைகளை மட்டும். மூன்று மாதத்தில் அந்தத் தாய் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இனிப் பையனைக் கூட்டிவர ஆளில்லையே என்பதுதான் க்ளைனின் வருத்தமாக இருந்தது. பௌல்பி இதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஹான்ஸின் கட்டுரையைப் புரட்டினால் கண்ணில் என்ன படும்? முதல் நாள் பூங்காவுக்குப் போகும் வழியில் பையன் கேட்டது அம்மாவை. குதிரை மறுநாள்தான் வருகிறது. ஒரு நாள் காலையில் அப்பாவின் படுக்கைக்கு வந்து, நீங்கள் வெளியே போனால் திரும்பி வரமாட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது என்கிறான். நான் எப்போதாவது அப்படிச் சொன்னேனா என்று அப்பா கேட்க, நீங்கள் சொல்லவில்லை, அம்மா சொன்னாள், குறும்பு செய்தால் திரும்பி வரமாட்டேன் என்றாள் என்கிறான். 1973-இல் வந்த நூலில் பௌல்பி இந்த வரிகளைத் தூக்கி முன்னால் வைத்தார். பையனின் அடிப்படைப் பயம் அம்மா விட்டுவிட்டுப் போய்விடுவாளோ என்பது. குதிரை அதன் மேல் வந்து உட்கார்ந்தது. ஃபிராய்டும் இதே வரிகளை அச்சில் ஏற்றியவர்தான். கையில் இருந்ததை அவர் பார்க்கவில்லை.

பௌல்பிக்குத் துணையாக இன்னொரு சான்று அதற்கு முன்பே வந்திருந்தது. பால் கொடுக்கிறவர் என்பதால்தான் குழந்தை தாயை நேசிக்கிறது என்பது வாய்க் கட்டக் கொள்கையின் அடித்தளம். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ, பிறந்த குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு பொம்மைத் தாய்களோடு விட்டார். ஒன்று வெறும் கம்பி, ஆனால் பால் புட்டி இருக்கும். மற்றொன்றில் பால் இல்லை, மெத்தென்ற துணி சுற்றியிருக்கும். குட்டிகள் பசித்தபோது கம்பிக்குப் போய்க் குடித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. பயமுறுத்தினால் ஓடியதும் துணியிடம்தான். 1958-இல் வெளியான இந்த முடிவு நம் பாட்டிமார்களுக்கு வியப்பாக இருந்திருக்காது. குட்டிகளுக்கு இழைத்த கொடுமையை இன்று யாரும் அனுமதிக்கவும் மாட்டார்கள்.

அப்பா என்ற பாத்திரமும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பசிபிக் தீவான டுரோபிரியண்டில் வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, தாய்வழிச் சமூகமான அங்கே அதிகாரம் தாய்மாமன் கையில் இருப்பதைக் கண்டார். பிள்ளைகளின் மனத்தாங்கல் மாமன் மீது, அப்பா விளையாட்டுத் தோழர். மொய்ப்பணத்தோடும் சீரோடும் வந்து நிற்கும் நம் தாய்மாமனை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கவே சிரிப்பு வருகிறது. கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸும், தன்னிடம் வரும் ஆண் நோயாளிகளின் மனச்சிக்கல் ஐரோப்பியர்களுடையதைப் போல் இல்லை என்று ஃபிராய்டுக்கே எழுதினார். ஃபிராய்ட் மரியாதையாகப் பதில் போட்டார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எழுபத்தைந்தாம் பிறந்த நாளுக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த தந்த விஷ்ணுவை மட்டும் மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

இனி ஹான்ஸ். அவனுடைய உண்மைப் பெயர் ஹெர்பர்ட் கிராஃப். பிற்காலத்தில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் நீண்ட காலம் இயக்குநராக இருந்தார், 1973-இல் ஜெனீவாவில் இறந்தார். 1922 வசந்த காலத்தில், பத்தொன்பது வயது இளைஞராக ஃபிராய்டின் வாசலில் வந்து நின்று, நான்தான் சின்ன ஹான்ஸ் என்றார். இந்தச் சிகிச்சையால் பிள்ளையின் வாழ்க்கையே கெட்டுவிடும் என்று பலர் ஆரூடம் சொல்லியிருந்ததால் ஃபிராய்டுக்கு மகிழ்ச்சி. பெற்றோர் விவாகரத்து செய்து இருவரும் மறுமணம் செய்துகொண்டிருந்தார்கள். இளைஞருக்கு இருவரோடும் நல்ல உறவு. தங்கையைப் பிரிய நேர்ந்ததுதான் குறை.

தன் கதையை அவர் படித்தபோது, யாரோ அந்நியன் கதையைப் படிப்பது போல் இருந்ததாம். குதிரையும் நினைவில்லை, புரொஃபஸரும் நினைவில்லை. மிகச் சிறு வயது நினைவுகள் நம் எல்லோருக்கும்தான் அழிந்துபோகின்றன. ஃபிராய்ட் அதற்கும் ஒடுக்கத்தையே காரணம் காட்டினார். இன்றைய விளக்கம் ஒன்றில் காமம் இல்லை, வளர்ச்சி இருக்கிறது: மூளையில் நினைவைச் சேமிக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இளம் வயதில் புதிய நரம்பணுக்கள் வேகமாக முளைக்கின்றன, அந்த முளைப்பு பழைய பதிவுகளைக் கலைத்துவிடுகிறது. டொரண்டோ ஆய்வாளர்கள் 2014-இல் எலிக் குட்டிகளில் இந்த முளைப்பைக் குறைத்தபோது, மறந்திருக்க வேண்டியவை நினைவில் நின்றன.

நினைவு போனாலும் சுவடு போவதில்லை. ஜெனீவா மருத்துவர் கிளாபரேட் 1911-இல் ஒரு சம்பவம் எழுதினார். புது நினைவுகள் எதுவும் தங்காத பெண்மணி ஒருவரோடு கைகுலுக்கும்போது, கைக்குள் ஊசியை மறைத்துக் குத்தினார். குத்தியது அவருக்கு மறந்துவிட்டது. பிறகு மருத்துவர் கை நீட்டியபோது மட்டும் கையை இழுத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நாம் அறியாத ஒன்று நம்மை நடத்துகிறது என்ற ஃபிராய்டின் அடிப்படை எண்ணத்துக்கு, ஈடிபஸும் கட்டங்களும் இல்லாமலே இது போதும்.

ஹெர்பர்ட் கிராஃபுக்கு அந்தக் கட்டுரையில் ஒரே ஓர் இடம் மட்டும் லேசாக மின்னியது. குடும்பம் கோடைக்குப் போன கிமுண்டன் ஊர்ப் பயணம். அங்கே வரும் பையன் நானாக இருக்கலாம் என்று தோன்றியதாம். அந்தக் கிமுண்டனில்தான், ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் அவளுடைய அப்பா, வெள்ளைக் குதிரையிடம் விரலை நீட்டாதே, கடித்துவிடும் என்று சொன்னார். பக்கத்தில் நின்று ஹான்ஸ் கேட்டுக்கொண்டிருந்தான்.